இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு

மன்னிப்புக் கேட்பதில் எனக்கு இணையான ஆள் இந்த ஊரில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, தொழிலே அதுதான். கோர்ட்டுக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு டைப் மெஷினோடு பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், தொலைந்த சான்றிதழ் என்று கலவையாக வந்துகொண்டிருந்தது. புதிய உத்தரவு போட்ட பிறகு, இந்த நாலு வருஷமாக, மன்னிப்புக் கடிதம் மட்டும்தான்.

உத்தரவு எளிமையானது. நாலு பேருக்கு மேல் கூடினால் பிடிப்பார்கள். பேசக்கூடாததைப் பேசினால் பிடிப்பார்கள். பிடிபட்டவர், ‘நான் செய்தது தவறு, இனிச் செய்ய மாட்டேன்’ என்று சிறை சூப்பிரண்ட் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். கடிதத்தின் நகல் ஒன்றை அவர் வேலை பார்த்த இடத்தின் வாசலில் ஒட்டுவார்கள். மழை பெய்தால் நாலு நாளில் கரைந்துவிடும் என்று நான் ஆறுதல் சொல்லி அனுப்புவேன். இப்படி அறுபத்து மூன்று பேரை வெளியே கொண்டு வந்திருக்கிறேன். என் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. ‘மன்னிப்பு’ என்றால்தான் தெரியும். “மன்னிப்புகிட்ட போங்க, முடிச்சுக் கொடுத்துடுவாரு.” ஒருவர் என் மனைவியிடமே இப்படிச் சொன்னபோது, “வீட்டுல தினமும் பயிற்சி எடுக்கறாரே, சும்மாவா?” என்றாளாம்.

அறுபத்து நான்காவது கடிதம் என் அக்காவுக்கு. அதுதான் நடக்கவில்லை.

அக்கா செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே இருக்கும் துணி ஆலையில் அவள் தறிப் பிரிவு. என் மனைவியும் அதே ஆலையில்தான், மடிப்புப் பிரிவு. முன்பெல்லாம் மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். உத்தரவுக்குப் பிறகு ஆலை ‘அத்தியாவசியத் தொழில்’ ஆகிவிட்டது. காலை ஆறுக்கு உள்ளே போனால் கேட்டைப் பூட்டுவார்கள். மாலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு. ஆனால் ஆறு நாள் அழுக்கைத் துவைக்க ஒரு பகல் எந்த மூலைக்கு?

நடுவில் வெளியே போகவேண்டுமானால் மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். நாலு வருஷத்தில் மேனேஜர் போட்ட சீட்டு மொத்தம் ஏழு. அதில் மூன்று அவருடைய மச்சினிக்கு.

போன வருஷம் மேனேஜர் மூன்று நாள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். சீட்டுப் புத்தகங்கள் அவர் மேசை மேலேயே கிடந்தன. யாருக்கும் கொடுக்காத சீட்டுக்கு என்ன காவல்? அக்கா எடுத்துக்கொண்டாள். தறியில் நூல் அறுந்து, அதை முடிந்து, மறுபடி ஓட விடுவதற்கு நடுவில், மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டில் மேனேஜர் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். அந்த ஷிப்டில் இருந்த மொத்தப் பெண்களும் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் மூன்று மூன்று பேராக வந்து கேட்டில் சீட்டை நீட்டினார்கள். வாட்ச்மேனுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சீட்டு இருந்தால் விடு, இல்லாவிட்டால் விடாதே. எல்லோரிடமும் சீட்டு இருந்தால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதை யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை. ஒவ்வொரு சீட்டாக வாங்கி, கிழித்து, டப்பாவில் போட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகாரிகளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோஷம் இல்லை, கல் எறியவில்லை. ஒருத்தி ஆற்றுப் பாலத்தில் போய் உட்கார்ந்தாள். ஒருத்தி பள்ளிக்கூட வேலியோரம் நின்று தன் பிள்ளை விளையாடுவதைப் பார்த்தாள். ஒருத்தி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள். மாலை ஆறு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தாங்களாகவே திரும்பி வந்து, கேட்டுக்குள் போய், தங்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஓடிப்போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். திரும்பி வந்ததுதான் பொறுக்கவில்லை.

விசாரணையில் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. “எல்லாம் நான் போட்டதுதான். மூணு நாள் போட்டதுல கை வீங்கிடுச்சு. வேணும்னா கைகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்” என்றாளாம். தூக்கி உள்ளே வைத்தார்கள்.

அவளுக்கு நானும் நானே எழுதிய கடிதமும்தான் கதி என்று நினைத்தேன். புதன்கிழமைதோறும் பதினைந்து நிமிஷம், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

“என்னடா எழுதியிருக்க, படி.”

“‘பிறர் தூண்டுதலின் பேரில் அறியாமல்...’”

“நிறுத்து. யாரு தூண்டினது?”

“அது ஒரு வழக்கம்க்கா. எல்லாருக்கும் போடறதுதான்.”

“கை வீங்கினது எனக்கு, பேரு எவனுக்கோவா? எடு அதை.”

அடுத்த புதன்கிழமை, “‘அறியாமல்’னா? கூட்டல் கழித்தல் தெரியாம உன்னை மாதிரி முழிச்சேன்னு அர்த்தமா?” அதையும் எடுத்தேன். அதற்கடுத்த வாரம் ‘தவறு’ போயிற்று. ‘வருந்துகிறேன்’ ஒரு மாசம் தாக்குப் பிடித்தது. பிறகு அதுவும் போயிற்று. எட்டாவது மாசம் என் கையில் இருந்த கடிதத்தில் மேலே ‘மதிப்பிற்குரிய ஐயா’ இருந்தது, கீழே ‘இப்படிக்கு’ இருந்தது, நடுவில் வெள்ளைத்தாள். அக்கா அதை வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரசித்துப் பார்த்து, “நீ எழுதினதுலயே இதுதான்டா நல்லா வந்திருக்கு. இதுல வேணா போடறேன்” என்றாள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். என் அக்கா பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று கேட்கவே முயல் பயப்படும்.

அந்த வாரம்தான் ஜெயில் ரைட்டர் என் தார்ப்பாய்க்குக் கீழே வந்து குனிந்தார். ரைட்டர் என்றால் சிறை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். என் கடிதங்களை உள்ளே கொண்டு போவதும் அவர்தான்.

“உங்க அக்கா பேரு லிஸ்ட்ல வந்துடுச்சு” என்றார். “கையெழுத்துப் போடாதவங்களையெல்லாம் திங்கட்கிழமை வடக்கு ஜெயிலுக்கு அனுப்பறாங்க. ரெண்டு நாள் ரயில். பார்க்கறதுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை.”

“எத்தனை வருஷம்?”

“அதையெல்லாம் லிஸ்ட்ல போடலைங்க.”

அன்று செவ்வாய். மறுநாள் புதன்கிழமை நான் கரடியாய்க் கத்தினேன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் உறவினரை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். அக்கா, “மூக்கைத் துடைச்சுக்கோ” என்றாள். அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, நான் சமையலறை மேடையில் அக்கா கையெழுத்து இருந்த ஒரு பழைய காகிதத்தைத் தலைகீழாக வைத்துக் குனிந்திருந்தேன்.

இந்தக் கலையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். எனக்கு எட்டு வயசு, அவளுக்குப் பதினொன்று. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அப்பாவிடம் காட்டுவதைவிடக் கிணற்றில் குதிப்பது மேல் என்று இருந்தபோது, என் மதிப்பெண் அட்டையை வாங்கித் தலைகீழாக வைத்து, அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். “நேரா வச்சா படிக்கத் தோணும், கை நடுங்கும். தலைகீழா வச்சா அது வெறும் படம். அப்புறம், மெதுவாப் போடாதே. அப்பா எப்பவும் கோபமாத்தான் போடுவாரு. நீயும் கோபமாப் போடு.” வருஷம் முழுக்க அவள்தான் எனக்கு அப்பா. ஒரு நாள் நிஜ அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, “இதை நான் எப்போ போட்டேன்?” என்றார். அக்கா கண் இமைக்காமல், “தூக்கக் கலக்கத்துல போட்டீங்கப்பா” என்றாள். தனக்கு ஞாபகம் இல்லை என்று ஒப்புக்கொள்ள அப்பாவுக்கு மனசு வரவில்லை. “ஆமா, ஆமா” என்று போய்விட்டார்.

அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அறுபத்து மூன்று பேருக்கு அடித்த அதே கடிதத்தின் கீழே, ‘பிறர் தூண்டுதலின் பேரில் அறியாமல்’ எல்லாம் பத்திரமாக இருக்க, அக்காவின் கையெழுத்தைப் போட்டேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்காவைக் கேட்டீங்களா?”

“கேட்டா மாட்டேன்னுதான் சொல்லும்.”

“அப்போ கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எட்டு மாசத்தில் அவள் என்னிடம் சண்டை போடாமல் கோபித்துக்கொண்டது அன்றுதான்.

ரைட்டரிடம் கடிதத்தைக் கொடுத்து, “புதன்கிழமை மனசு மாறி வலை வழியாவே போட்டுட்டா” என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். லிஸ்டில் ஒரு ஆள் குறைந்தால் அவருக்கு ஒரு பக்கம் எழுத்து மிச்சம். கைதி சூப்பிரண்டுக்கு முன்னால்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று விதி. ஆனால் சூப்பிரண்ட் சாயங்காலம் டீ குடிக்கும்போது கட்டாக வாங்கி, ஒவ்வொன்றின் கீழும் ‘என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிடுவார். அந்த ஓட்டை எனக்குத் தெரியும். அதில்தான் நுழைந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விடுதலை. பக்கத்துக் கடையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன். சிறைக்கு ஒரு பெரிய கதவு. அந்தப் பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. யாராக இருந்தாலும் குனிந்துதான் போகவேண்டும். உள்ளே போனதும் இடது பக்கம் சூப்பிரண்ட் அறை. அவருக்கு அன்று பல்வலி. கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, உலகமே சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். “ரயிலு திங்கட்கிழமைன்னாங்க?”

“ரயில் இல்லம்மா, வீடு” என்றார் சூப்பிரண்ட். “உன் லெட்டர் வந்தாச்சு. ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு.”

“எந்த லெட்டர்?”

அவர் எடுத்து நீட்டினார். அக்கா எதையும் முழுசாகப் படிப்பவள். மருந்து அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். ‘மதிப்பிற்குரிய ஐயா’விலிருந்து ‘இப்படிக்கு’ வரை படித்தாள். பிறகு காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னம்மா இவ்வளவு நேரம்? உன் கையெழுத்துதானே?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் புதுச் செருப்பைப் பார்த்தேன். இல்லை என்று அவள் சொன்னால் அடுத்த நிமிஷம் நான் உள்ளே. ஆமாம் என்று சொன்னால் திங்கட்கிழமை காலை அந்தக் கடிதம் ஆலை வாசலில். இரண்டையும் அவள் எவ்வளவு நேரம் எடை போட்டாள் என்கிறீர்கள்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்கூட இல்லை.

“என்னோடதுதான்.”

எட்டு மாசம் ஒரு சொல்லுக்கும் வளையாதவள், எனக்காக ஒரு மூச்சில் வளைந்துவிட்டாள். பதினொரு வயசில் அப்பாவிடம் பேசியபோது அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. இன்றைக்கு அது பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். செருப்பைக் கீழே வைத்தேன், காலை நுழைத்தாள். அளவு சரியாக இருந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய் அந்தச் சின்னக் கதவுக்குக் குனிந்தாள். சின்னக் கதவு, எல்லோரும் குனியத்தான் வேண்டும். தெரியும். ஆனாலும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

“ஐயா” என்றேன். “அது அவ கையெழுத்து இல்லைங்க. நான் போட்டது.”

நான் வீரன் இல்லை. வண்டி ஹார்ன் அடித்தால் வண்டியிடமே மன்னிப்புக் கேட்கிற ஜாதி. அந்த வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

அக்கா சரேலென்று திரும்பி அறைக்குள் வந்தாள். “அவன் பொய் சொல்றான். நான்தான் போட்டேன்.”

“இல்லைங்க ஐயா, நான்தான்.”

“டேய், வாயை மூடு!”

“நீ மூடு!”

சூப்பிரண்ட் கைக்குட்டையை எடுத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். “எல்லாரும் ‘நான் செய்யலை, நான் செய்யலை’ன்னுதான் சார் இந்த ரூம்ல அழுவாங்க. நீங்க என்ன குடும்பம்?” ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். “ரெண்டு பேரும் போடுங்க, பார்க்கறேன்.”

அக்கா போட்டாள். கீழே நான் போட்டேன். கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மாட்டி, கழற்றி, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அக்காகூட ஓரக் கண்ணால் பார்த்து, “சுழி நல்லா வந்திருக்கு” என்று முணுமுணுத்தாள்.

“இப்போ யாரைத்தான் பிடிக்கறது?” என்றார் சூப்பிரண்ட். “சரி, மேலே எழுதறேன். விசாரணைக்கு ஆள் வரட்டும்.”

“எழுதுங்க ஐயா” என்றாள் அக்கா, ரொம்ப மரியாதையாக. “ஆனா கீழே ‘என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’னு நீங்க எழுதியிருக்கீங்களே. உங்க முன்னாலதானே போட்டிருக்கு? அப்போ யாரு போட்டதுன்னு உங்களுக்குத்தானே தெரியணும்? விசாரணைக்கு வர்றவங்க முதல்ல உங்களைத்தானே கேப்பாங்க?”

அப்பாவின் முகம் அப்படியே சூப்பிரண்ட் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நல்லவேளை, ‘தூக்கக் கலக்கத்தில் போட்டீர்கள்’ என்று அக்கா சொல்லவில்லை.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. “இங்க பாரும்மா. நான் எதையும் கேட்கலை. லெட்டர் இருக்கு, கையெழுத்து இருக்கு. உன் தம்பியைக் கூட்டிக்கிட்டு நல்லபடியா வீட்டுக்குப் போ.”

“என் தம்பிமேல ஒண்ணும் வராது இல்லையா?”

“எப்படி வரும்? வந்தா நான்தானே முதல்ல போகணும்.”

“அப்போ சரி. லெட்டரைக் கிழிச்சுடுங்க ஐயா.”

“கிழிச்சா நீ உள்ளே. திங்கட்கிழமை ரயிலு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவர் பல்வலியை மறந்து அவளைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாகக் கிழித்து, ரெஜிஸ்டரில் அவள் கையெழுத்தின்மேல் கோடு போட்டு, “அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாங்க” என்று வெளியே போனார். பொல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன்.

நான் உடைந்துபோனேன். “எதுக்குக்கா? என்னத்துக்கு? இருநூத்துப் பன்னெண்டு பேரும் சாயங்காலம் திரும்பி வந்து அதே கேட்டுக்குள்ளதானே போனாங்க? சீட்டு முறை அப்படியே இருக்கு. பூட்டு அப்படியே இருக்கு. மஞ்சள் சீட்டை ரோஸ் கலர் ஆக்கினதுதான் மிச்சம். நீ வடக்கே போய்க் கிடந்தா யாருக்கு என்ன கிடைக்கும்?”

அக்கா மூட்டையைக் கீழே வைத்தாள். யோசித்துத்தான் பேசினாள்.

“பெருசா எதுக்காகவோன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுடா. அன்னிக்குச் சாயங்காலம் அவங்க திரும்பி வந்தாங்க பாரு, நான் கேட்ல நின்னு ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தேன். யாரும் தள்ளிக்கிட்டு வரலை. அவங்களா போனாங்க, அவங்களா வந்தாங்க. நாலு வருஷத்துல அந்த அரை நாள் மட்டும்தான் அவங்களோடது. அது தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தா, அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி. என் பங்கு மட்டும்னா கொடுத்துட்டு வந்துடுவேன்டா, உனக்காகக் கொடுக்க மாட்டேனா? இப்பக்கூட கொடுத்துட்டேனே. ஆனா அதுல உன் பொண்டாட்டியோடதும் இருக்கு. அதைக் கொடுக்க நான் யாரு?”

“ரெண்டு நாள் ரயில்க்கா” என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி.

“ரயில்ல ஜன்னல் இருக்குமில்ல?”

செருப்பைக் கழற்றப் போனாள். “வச்சுக்கோ” என்றேன். வைத்துக்கொண்டாள். பிறகு என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தாள். ஆறுதலாகத் தடவப் போகிறாள் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன். அவள் ஆள்காட்டி விரலால் என் உள்ளங்கையில் எதையோ வரைந்தாள். ஒரு வளைவு, ஒரு நீளக் கோடு, கடைசியில் ஒரு கொக்கி.

“மேனேஜர் கையெழுத்து” என்றாள். “அப்பாவோடதைவிட சுலபம். கோபமாப் போடாதே. அந்த ஆளு பெரிய மனுஷன், அவசரமாப் போடுவாரு. கொக்கி மேல்பக்கமா போகணும்.”

“அக்கா, நானா? நான் ஒரு பயந்தாங்கொள்ளின்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு, குனியத் தேவையில்லாத உள் கதவு வழியாகப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மனைவி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் துணியை அடிக்கும் சத்தம் மெல்லமெல்லக் குறைந்தது.

“அன்னிக்கு நீ எங்க போன?” என்றேன். “கேட்டப்பல்லாம் ‘சும்மா நடந்தேன்’னுதானே சொன்ன.”

“சும்மாதான் நடந்தேன்.”

“எங்கே?”

ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள். “கோர்ட்டு வரைக்கும். உங்க தார்ப்பாய்க்கு எதிர்ப்பக்கம்.”

“என்னைப் பார்க்கவா?”

“பின்னே, கோர்ட்டைப் பார்க்கவா? கல்யாணம் ஆகி ஆறு வருஷம். உங்களைப் பகல்ல, வேலை செய்யற இடத்துல ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படித்தான் இருப்பாருன்னு பார்க்கலாம்னு வந்தேன்.”

“கூப்பிட்டிருக்கலாமே!”

“டைப் மெஷின்மேல தலையை வச்சுத் தூங்கிட்டிருந்தீங்க. வாயைத் திறந்துகிட்டு. கன்னத்துல வெயில் விழுந்துது. மருந்துக் கடைக்காரர் வந்து தார்ப்பாயை இழுத்து நிழல் பண்ணிட்டுப் போனாரு. அரைமணி நேரம் நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்.” சட்டையைக் கொடியில் போட்டாள். “நல்லா இருந்துது” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் ‘அறியாமல் செய்த தவறு’ என்று அடித்து, அக்கா பெயரில் கையெழுத்தும் போட்டு, இவள் வேலை பார்க்கும் கேட்டில் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். தொழிலில் பதினாறு வருஷ அனுபவம் உள்ள எனக்கு அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்கச் சரியான வாக்கியம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

துணி காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு பழைய காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். வளைவு, நீளக் கோடு, கொக்கி. மறுபடியும் வளைவு, கோடு, கொக்கி. மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இது என்னவென்று அவள் கேட்கவில்லை.

“கொக்கி கீழே போகுது” என்றாள். “மேலே போகணும். அந்த ஆளு கையெழுத்தை நான் சம்பளச் சீட்டுல மாசாமாசம் பார்க்கறேன்.”

“சீட்டுப் புத்தகம்?”

“அது என் பாடு. நீங்க கையைப் பழக்குங்க.”

திங்கட்கிழமை அக்காவை வடக்கே கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் யாரையும் கிட்டே விடவில்லை. தூரத்திலிருந்து நான் பார்த்தது அந்தப் புதுச் செருப்பு ஒரு ஜோடி பெட்டிக்குள் ஏறியதைத்தான். ஜன்னல் இருந்தது. அதில் கம்பியும் இருந்தது.

அதற்குப் பிறகு என்னிடம் மன்னிப்புக் கடிதத்துக்கு வருகிறவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். “என்ன செஞ்சீங்க? உள்ளபடி சொல்லுங்க.” சொல்வார்கள். அதை அப்படியே அடித்து, படித்துக் காட்டுவேன். சிலர் கையெழுத்துப் போடக் கொண்டு போகிறார்கள். வீட்டில் நோயாளி இருப்பார், கைக்குழந்தை இருக்கும், அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சிலர் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “யோசிச்சுட்டு வர்றேன்” என்று போகிறார்கள். திரும்பி வருவதில்லை. வியாபாரம் படுத்துவிட்டது.

மூன்று மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். வெயில் தார்ப்பாயின் ஓட்டை வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அன்று தூங்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. முதலில் இரண்டு பெண்கள் மருந்துக் கடை ஓரமாக நடந்து போனார்கள். பிறகு மூன்று பேர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. பிறகு ஒருத்தி தனியாக, அவசரம் எதுவும் இல்லாமல், கடை கடையாகப் பார்த்துக்கொண்டு. நாலு பேருக்கு மேல் எங்கேயும் இல்லை. சட்டம் சட்டம்தான்.

ஒரு நாள் என்னையும் கேட்பார்கள். வாட்ச்மேனின் டப்பாவில் கிழிந்து கிடக்கும் ரோஸ் சீட்டை எல்லாம் ஒட்டிப் பார்த்தால், அக்கா கையில் பழகிய அதே கொக்கி இருக்கும். அக்காவோ இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறாள். கொஞ்ச நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள், பிறகு வருவார்கள். அப்போது மன்னிப்புக் கடிதம் எழுத நல்ல ஆளாகப் பார்க்கவேண்டும். கஷ்டம் என்னவென்றால், ஊரில் இருந்த ஒரே ஆள் நான்தான்.

நிமிர்ந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம், பட்டப்பகலில், என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டி போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள்.

நான் அவசர அவசரமாக ஒரு தாளைச் செருகி, படபடவென்று எதையோ அடிக்க ஆரம்பித்தேன். பார்க்க வந்தவளுக்கு ஏதாவது காட்டவேண்டாமா?

அவள் சாலையைக் கடந்து வந்து, மேசையில் ஒரு கையை ஊன்றி, தாளை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

“இன்னிக்குத் தூங்கலையா?” என்றாள்.

“நீ வருவியோன்னு இருந்தேன்.”

“ஆறு மணிக்குத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் என்னைக் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.